களிக்கு 184, பரோட்டாவுக்கு 162: இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் அளந்ததில் தெரிந்தவை

இரவு ஏழரை மணிக்குச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே குளுக்கோமீட்டரில் எடுத்த இரத்தச் சர்க்கரை அளவுகள் (மி.கி./டெசிலிட்டர்) இவை: ராகிக் களியும் ரசமும் உண்ட நாளில் 184, இரண்டு பரோட்டாவும் கோழிச் சால்னாவும் உண்ட நாளில் 162. சாப்பாட்டுக்குப் பின் 180-க்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கமான வரம்பை வைத்துப் பார்த்தால், எங்கள் தருமபுரி மாவட்டப் பாலக்கோட்டுப் பக்கத்தில் சர்க்கரை நோயாளிக்கு எல்லோரும் பரிந்துரைக்கும் களி தோற்றது, எல்லோரும் தடுக்கும் பரோட்டா தேறியது. பரோட்டா உண்ட அதே இரவில் பன்னிரண்டரை மணிக்கு மீண்டும் அளந்தபோது 217 காட்டியது. காலை ஆறு மணிக்கும் 158-க்குக் கீழே இறங்கவில்லை. களி உண்ட இரவிலோ ஐந்தாம் மணி நேரத்தில் 112. இரண்டாம் மணி நேரத்தோடு மீட்டரை உறையில் போட்டு மூடியிருந்தால் இந்த இரண்டு உணவுகளைப் பற்றியும் தலைகீழான முடிவுக்கு வந்திருப்பேன். சாப்பாட்டிலுள்ள கொழுப்பும் புரதமும் சர்க்கரையை என்ன செய்கின்றன என்பதை வீட்டிலேயே அளந்து பார்த்த வேலை இப்போது ஓர் ஒழுங்குக்கு வந்திருப்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு. மருந்து மெட்ஃபார்மின் மட்டுமே. சோதனைக் காலம் முழுவதும் அதன் அளவையோ நேரத்தையோ மாற்றவில்லை. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை அப்படியே செய்து பார்க்கக் கூடாது. மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு அதே மருந்தைத் தொடர்ந்தால் அவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

கருவிகள் அதிகமில்லை. குளுக்கோமீட்டர், அதில் செருகும் ஸ்ட்ரிப், விரலில் குத்தும் லான்செட், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு, கைபேசி அலாரம், ஒரு நாற்பது பக்க நோட்டு. முதலில் மீட்டரையே சோதித்தேன். ஒரே விரலில், ஒரு நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் 163 என்றும் 174 என்றும் வந்தன. மீட்டர் பழுதில்லை. வீட்டு மீட்டர்களுக்கான 2013-ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. தரவிதியே, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்கிறது. ஆகவே இருபது புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன். அந்த ஒரு வரி பிற்பாடு வீண் மகிழ்ச்சிகளையும் வீண் பயங்களையும் நிறையக் குறைத்தது.

விரல் சுத்தம் இன்னொன்று. மாம்பழக் காலத்தில் ஒரு மாலை, சாப்பிடுவதற்கு முன்பே 241 என்று வந்தது. அரை மணி நேரத்துக்கு முன் பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்திருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, வேறு விரலில் குத்தியபோது 119. பழச்சாறு கண்ணுக்குத் தெரியாத அளவில் தோலில் இருந்தாலே ஸ்ட்ரிப் அதையும் சேர்த்துத்தான் கணக்குக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு முறை துடைப்பதைவிடத் தண்ணீரில் கழுவுவதே இதற்குச் சரியான வழி. ஸ்ட்ரிப் டப்பாவை வெயில் படும் ஜன்னலோரத்திலிருந்து எடுத்து மர அலமாரிக்கு மாற்றியதும் அப்போதுதான். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் ஆகாது, எங்கள் ஊர் ஏப்ரலோ அதைக் காலை பத்து மணிக்கே தாண்டிவிடும்.

அடுத்தது ஒப்பிடுவதற்கான அடிப்படை உணவு. ராகி மாவு 60 கிராம், அரிசி நொய் 20 கிராம், தண்ணீர் 250 மில்லி. நொய்யைக் குழைய வேகவைத்து, மாவைக் கொட்டி, மூடி, பிறகு துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி எடுத்தால் 280 கிராம் சுமாருக்கு ஓர் உருண்டை வரும். நூறு கிராம் ராகியில் மாவுச்சத்து ஏறத்தாழ 67 கிராம், அரிசியில் 78 கிராம். அந்தக் கணக்கில் இந்த உருண்டைக்குள் 56 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு என்பது உண்மை. ஆனால் களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறவே ஏறாது என்று சொல்பவர்கள் இந்த 56-ஐ எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தக் களியைத் தெளிந்த ரசத்தோடு மட்டும் உண்டபோது தொடக்கத்தில் 118, ஒரு மணி நேரத்தில் 221, இரண்டில் 184, மூன்றில் 139, ஐந்தில் 112. வேகமாக ஏறி, வேகமாக இறங்கியது. தொடக்க அளவு 105-க்கும் 125-க்கும் இடையே இல்லாத நாள்களில் சோதனையே செய்யவில்லை. சாப்பாட்டுக்குப் பின் நடப்பதையும் அந்த நாள்களில் நிறுத்தி வைத்தேன், நடை தனியாகவே சர்க்கரையை இறக்கிவிடும் என்பதால்.

கொழுப்பை முதலில் எடுத்தேன். அதே களி, அதே ரசம், கூடவே 30 கிராம் நெய். தராசில் வைத்துப் பார்க்கும்போதுதான் 30 கிராம் நெய் எவ்வளவு என்பது உறைக்கிறது. குழி பறித்து ஊற்றினால் களியைச் சுற்றிக் குளமாக நிற்கும். அளவுகள்: ஒரு மணி நேரத்தில் 178, இரண்டில் 186, மூன்றில் 175, ஐந்தில் 141. உச்சம் முப்பத்தைந்து புள்ளி குறைந்துவிட்டது என்று முதலில் தோன்றும்; ஆனால் மூன்றாம், ஐந்தாம் மணி நேரங்களில் வெறும் களியைவிட முப்பது புள்ளி அதிகம். ஏரி மதகைப் பாதி இறக்கினால் வாய்க்கால் கரை உடையாது, ஆனால் தண்ணீர் ஓடும் நேரம் நீளும். ஏரியில் இருந்த தண்ணீர் குறைந்துவிடுவதில்லை. கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு குடலுக்கு இறங்கும் வேகத்தைத் தடுப்பதே இதன் முதற் காரணம். அதிகக் கொழுப்பு உண்ட பின் சில மணி நேரங்களுக்கு இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் கூடி, இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துவது இரண்டாவது காரணம். பின்னிரவில் சர்க்கரை தங்கி நிற்பதற்கு இந்த இரண்டாவது காரணத்தின் பங்கு பெரிது.

பரோட்டாவுக்கு வந்தபோது கணக்கு சிக்கலாயிற்று. நெடுஞ்சாலை ஓரக் கடையிலிருந்து வாங்கி வந்த இரண்டு பரோட்டாவில் மைதாவின் மாவுச்சத்து மட்டுமே என் மதிப்பில் தொண்ணூறு கிராமை நெருங்கும். களியோடு அதை நேருக்கு நேர் வைப்பது முறையான ஒப்பீடு இல்லை. எண்ணெய் எவ்வளவு என்பதும் கடைக்காரருக்கே தெரியாது. சால்னாவை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வைத்தேன். செந்நிற எண்ணெய் ஒரு விரற்கடைக்கு மேலே மிதந்து நின்றது. அதை மெதுவாக எடுத்து அளந்தபோது இரண்டு மேசைக்கரண்டி நிறைந்தது, ஏறக்குறைய 28 கிராம். பரோட்டா தட்டும்போதும் சுடும்போதும் உள்ளே போன எண்ணெய் இதில் சேராது. அந்த உணவுக்குக் கிடைத்த வரிசை: ஒரு மணி நேரத்தில் 139, இரண்டில் 162, மூன்றில் 198, ஐந்தில் 217. முதல் இரண்டு மணி நேரமும் அவ்வளவு அடக்கமாக இருந்ததற்கு மைதா நல்லது என்பது பொருளில்லை. மைதா இன்னும் வயிற்றை விட்டே முழுதாக இறங்கவில்லை என்பதுதான் பொருள். பிறகு அதே பரோட்டாவில் ஒன்றே கால் மட்டும் உண்டு மாவுச்சத்தைக் களிக்குச் சமமாக்கிப் பார்த்தேன். உச்சம் 183-ஆகக் குறைந்தது, ஆனால் அது வந்த நேரம் நான்காம் மணி நேரத்தை ஒட்டியே இருந்தது. உயரத்தை மாவுச்சத்தும் நேரத்தைக் கொழுப்பும் தீர்மானிக்கின்றன என்று நோட்டில் எழுதிவைத்தேன். என் உடம்பைப் பொறுத்தவரை இதுவரை அது பொய்க்கவில்லை.

இந்த நள்ளிரவுக் குத்தல்களை வீட்டில் ரசிக்கவில்லை. “ஏங்க, ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து ஊசி குத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அந்தத் தூக்கக் கேட்டுலயே சர்க்கரை ஏறும்” என்றாள் மனைவி. அதில் நியாயம் இருந்தது. தூக்கம் கெட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது என்பது ஆய்வுகளிலும் தெரிந்ததே. கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு பதினான்கு நாள் தானாகவே அளக்கும் சென்சார் ஒன்றை, ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம் கொடுத்து வாங்கினேன். அது இரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியிலுள்ள திசு நீரை அளக்கிறது. ஆகவே வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் விரல் அளவுக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். ஒரு பின்னிரவில் கைபேசி அலறி 58 என்று காட்டியது. எழுந்து விரலில் பார்த்தால் 121. சென்சார் ஒட்டிய கையின் மேலேயே படுத்திருந்திருக்கிறேன். அந்த இடம் அழுந்தினால் அளவு பொய்யாகத் தாழ்ந்து காட்டும். சென்சார் வாங்குபவர்கள் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கும் வழக்கம் என்பதைப் பார்த்து, அதற்கு மறு கையில் ஒட்டிக்கொள்வது நல்லது. அந்தக் குறை தவிர, மூன்றாம் மணி நேரத்துக்கும் விடியலுக்கும் இடையே நடப்பதை முழுக் கோடாகப் பார்க்க முடிந்ததற்கு அந்தப் பணம் தகும்.

புரதத்தில் தொடக்கம் எளிதாக இருந்தது. மாவுச்சத்தே இல்லாமல் மூன்று முட்டையும் 150 கிராம் கோழிக்கறியும் உண்ட இரவில், கோடு 112-க்கும் 124-க்கும் இடையே கிடந்தது. என் இருபது புள்ளி விதிப்படி அது அசையவே இல்லை. புரதத்தின் அமினோ அமிலங்கள் இன்சுலினையும் தூண்டுகின்றன, சர்க்கரையைக் கல்லீரலிலிருந்து வெளியேற்றும் குளூக்ககானையும் தூண்டுகின்றன. கணையத்தில் இன்சுலின் சுரப்பு மிச்சமிருக்கும் இரண்டாம் வகையினருக்கு இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகின்றன. முதல் வகை நீரிழிவுள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களிடம் ஈடுகொடுக்கச் சொந்த இன்சுலின் இல்லாததால், கறியும் எண்ணெயும் நிறைந்த உணவுக்குப் பின் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் சர்க்கரை ஏறுவதும், மாவுச்சத்தை மட்டும் எண்ணிப் போட்ட இன்சுலின் அதற்குப் போதாமற் போவதும் ஆய்வுகளில் உறுதிப்பட்டவை. என் தங்கை மகனுக்கு முதல் வகை. பிரியாணி நாள்களில் அவன் சொல்லும் நேரமும் என் பரோட்டாக் கோட்டின் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் உயரத்தில் அவன் எண்களை என்னுடையதோடு ஒப்பிடவே முடியாது. “மாமா, எனக்கு ராத்திரி பதினொன்றுக்கு மேலதான் பிரியாணி தெரியும்” என்பான். அவனுக்கு இன்சுலினைப் பிரித்துப் போடுவதை அவனுடைய மருத்துவரே பார்த்துக்கொள்கிறார். அதை இந்த நோட்டுக்குள் நான் கொண்டுவரவில்லை.

நம் வீட்டுப் புரதம் முட்டையோடும் கோழியோடும் நிற்பதில்லை என்பதால் வேலை இங்கேதான் இழுத்தது. கொள்ளுக் கடையல், அவரைப் பருப்புக் குழம்பு, மொச்சைச் சுண்டல், கடலைச் சட்னி ஆகியவையே எங்கள் பக்கத்து அன்றாடம். முதலில் 50 கிராம் கொள்ளை வேகவைத்துக் கடைந்து, அதே களியோடு சேர்த்து உண்டேன். புரதம் கூடியதால் கோடு தாழும் என்று எதிர்பார்த்திருக்க, ஒரு மணி நேரத்தில் 204, இரண்டில் 201, மூன்றில் 177. காரணம் அட்டவணையிலேயே இருந்தது: நூறு கிராம் கொள்ளில் புரதம் ஏறத்தாழ 22 கிராம், மாவுச்சத்தோ 57 கிராம். புரதம் என்று நினைத்து இன்னொரு 28 கிராம் மாவுச்சத்தைக் களியின் மேலேயே ஏற்றியிருக்கிறேன். அவரையும் மொச்சையும் இதே இனந்தான். அவற்றின் மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பது என்றாலும் அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியாது. ஆகவே பயறு கூடினால் மாவு குறைய வேண்டும்: ராகி 35 கிராம், நொய்யை அடியோடு விட்டு, கொள்ளு 50 கிராம் என்று மாற்றியபோது மாவுச்சத்து ஐம்பதைச் சற்றே தாண்டியது, உச்சம் 176-இல் நின்றது, நான்காம் மணி நேரத்தில் 128-க்கு இறங்கிவிட்டது. நொய் இல்லாத களி கையில் ஒட்டும், உருண்டையும் சிறிது. வயிறு நிறைவதில் குறையில்லை.

நிலக்கடலை இவற்றிலிருந்து வேறு. நாற்பது கிராம் கடலையில் மாவுச்சத்து ஏழு கிராம் அளவே. புரதம் ஒன்பதரை, கொழுப்பு பதினாறு. அதைக் கெட்டிச் சட்னியாக அரைத்துக் களியோடு உண்டபோது நெய்யோடு உண்ட கோட்டையும் கொள்ளோடு உண்ட கோட்டையும் கலந்தாற்போல ஒன்று கிடைத்தது: ஒரு மணியில் 185, இரண்டில் 179, மூன்றில் 158, ஐந்தில் 126. நெய்யைவிட இது மேல் என்பதே என் தீர்ப்பு.

மிகுந்த பலன் தந்தது உணவைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை, உண்ணும் வரிசைதான். நியூயார்க்கின் வெய்ல் கார்னல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட சிறு ஆய்வு ஒன்றில், மெட்ஃபார்மின் எடுத்துவந்த பதினொரு பேர் காய்கறியையும் கோழிக்கறியையும் முதலில் உண்டு, கால் மணி நேரம் கழித்து ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் எடுத்துக்கொண்டபோது, அதே உணவைத் தலைகீழ் வரிசையில் உண்ட நாளைவிட ஒரு மணி நேரச் சர்க்கரை 37 விழுக்காடும் இரண்டு மணி நேரச் சர்க்கரை 17 விழுக்காடும் குறைந்திருந்தன. பதினொரு பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதால்தான் அதை என் தட்டில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கீரைக் கடையல். கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு வழக்கமான 280 கிராம் களி. ஒரு மணியில் 171, இரண்டில் 164, மூன்றில் 140, ஐந்தில் 115. களியில் ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. உச்சத்தில் ஐம்பது புள்ளி போயிற்று, நெய்யைப் போல பின்னிரவுக்குக் கடன் வைக்கவும் இல்லை. முட்டை, கீரை, களி மூன்றையும் ஒன்றாகக் கலந்து உண்ட நாளில் இந்தப் பலன் பாதிதான் கிடைத்தது. இதில் கடினமானது அந்தக் கால் மணி நேரம். சூடான களி ஆறிக் கட்டியாவதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுமையில்லை. முட்டையையும் கீரையையும் உண்ணத் தொடங்கும்போதே மாவைக் கொட்டிக் களி கிண்ட ஆரம்பித்தால் இரண்டும் சரியாகப் பொருந்திவருகின்றன.

செலவைச் சொல்ல வேண்டும். ஐம்பது ஸ்ட்ரிப் பெட்டி ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்; ஓர் உணவை ஐந்து மணி நேரம் வரை தொடர்ந்தால் ஐந்து குத்து, நூறு ரூபாய். தராசு நானூறு ரூபாய். வாங்கியவற்றில் இதுவே எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது, கண் மதிப்பில் நான் அறுபது கிராம் மாவு என்று அள்ளியது எடையில் தொண்ணூறு இருந்தது. மாத்திரைக்குச் செலவில்லை, 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வந்துவிடுகிறது. ராகியும் 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ வழங்கத் தொடங்கியபோது வாங்கியதிலிருந்தே பழகியது. முட்டைதான் மாதச் செலவில் புதிதாக ஏறியிருக்கிறது.

நெய்ச் சோதனையைத் தொடராமல் நிறுத்தியதற்குக் காரணம் சர்க்கரை மட்டுமில்லை. ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது கலோரி. முப்பது கிராம் நெய் என்பது 270 கலோரி, ஏறக்குறைய இன்னொரு களி உருண்டை. உச்சத்தைத் தட்டையாக்குவதற்காக இதை அன்றாடம் செய்தால் எடை ஏறும், எடை ஏறினால் விடியற்காலைச் சர்க்கரையே ஏறும். புரதத்தைக் கூட்டுமுன் சிறுநீரில் அல்புமினையும் இரத்தத்தில் கிரியாட்டினினையும் பார்த்துக்கொண்டேன். இரண்டும் சரியாக இருந்ததால் துணிந்தேன். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புரத அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். மற்றவர்களுக்கு, 2022-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வின் கணக்கீடு மாவுச்சத்தை மொத்த ஆற்றலில் பாதியளவுக்குக் கொண்டுவந்து புரதத்தை இருபது விழுக்காட்டை ஒட்டி உயர்த்தச் சொன்ன திசைதான் என் நோட்டிலும் தெரிகிறது. நம் வீட்டு இலையில் புரதம் அந்த அளவை எட்டுவதில்லை.

கொழுப்பு நேரத்தை நீட்டும் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சர்க்கரை திடீரென்று 70-க்குக் கீழே போனவருக்குச் சாக்லேட்டோ கடலை மிட்டாயோ கொடுப்பது தவறான அவசர உதவி. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி அளப்பதே முறை. தங்கை மகனுடைய பையில் இருந்த சாக்லேட்டை எடுத்துவிட்டுக் குளுக்கோஸ் பொட்டலம் வைத்தது இந்த நோட்டு எழுதியதன் உபபலன்.

மறுபடி செய்தால் சிலவற்றை மாற்றுவேன். ஒவ்வோர் உணவையும் குறைந்தது இரண்டு வெவ்வேறு நாள்களில் சோதித்தபின்தான் அடுத்த உணவுக்கே போவேன். கடலைச் சட்னியின் எண்கள் ஒரே நாளுடையவை, அவற்றை அந்த அளவுக்கே நம்புகிறேன். சென்சாரை முதலிலேயே ஒட்டிக்கொண்டு, விரல் குத்தலை அதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன். தயிரையும் சாமைச் சோற்றையும் இன்னும் தொடவில்லை. இப்போதைக்கு இரவுக்கு முட்டையும் கீரையும் முதலில், ராகி 45 கிராமில் களி பிறகு, கொள்ளு இருந்தால் மாவு 35. சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுகிறேன். பரோட்டாவை இரவிலிருந்து மதியத்துக்கு மாற்றியிருக்கிறேன், ஒன்றுக்கு மேல் இல்லை, சால்னாவின் மேலெண்ணெயை வடித்துவிட்டு. அந்த நாள்களில் அலாரம் மாலை ஐந்து மணிக்கு, நான்காம் மணி நேர அளவுக்கு.